எவ்வளவு என்று கேட்ட முல்லைக்காரன்

ஆறாம் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்கப் போகிற தாய் தகப்பன்மாரைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். படிப்பித்து ஓய்ந்துபோய் வீட்டில் இருக்கிறேன், அப்போதும் விடுகிறார்கள் இல்லை. "டீச்சர், எத்தின கொப்பி வாங்கணும்? சப்பாத்து என்ன நிறம்? ஆரிட்ட ரியூசனுக்கு விடலாம்?" எல்லாம் கடைக்குப் போகிற கேள்விதான். அந்த வகுப்பு பிள்ளையிடம் எதை எதிர்பார்க்கும் என்று ஒருவராவது வாய் திறந்ததுண்டா? ஒருவருமே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும். ஒருவர் கேட்டார். நானே ஆறாம் வகுப்பு வாங்கில் குந்தியிருந்த காலத்தில் கேட்டார். பெருவிரலை மையில் தோய்த்து ஒற்றுவதைத் தவிர வேறு கையெழுத்துத் தெரியாத மனிதர். அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மேல் சிலிர்க்கும்.

பெயர் சீனித்தம்பி. என் அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கச்சியைக் கட்டியவர், எனக்குச் சித்தப்பா முறை. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், கந்தப்போடியாரின் வட்டையில், அதாவது வயல்வெளியில், முல்லைக்காரனாக இருந்தார். போடியார் வயலுக்குச் சொந்தக்காரர். விதைப்பில் இருந்து சூடு மிதித்து முடிகிற வரை ஆட்களை வைத்து அந்த வயலை நடத்துகிற தலைவன்தான் முல்லைக்காரன். நெடுநெடு என்ற ஆள். பேச்சு மட்டும் மிகக் குறைவு. எங்கள் வீட்டுக்கு வந்தால் படலையில் நின்று ஒரு செருமல் செருமுவார், அவ்வளவுதான். அந்தச் செருமலைக் கேட்டு அம்மா ஓடிப்போய்க் கூட்டிவருவாள்.

பேச்சுக் குறைவுக்குக் காரணம் அவருடைய தொழில். அறுத்த கதிரைச் சூடு என்கிற போராகக் குவித்து, மாடு விட்டு மிதிக்கிற களத்தை எங்கள் பக்கத்தில் களவெட்டி என்போம். அங்கே செருப்போடு கால் வைக்கக் கூடாது. பெண்கள் போகக் கூடாது. ஊரில் பேசுகிற சொற்கள்கூட உள்ளே போகக் கூடாது, சாமான்களுக்கெல்லாம் அங்கே வேறு பெயர். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கட்டளை உண்டு: "எவ்வளவு?" என்று யாரும் கேட்கக் கூடாது, கேட்டவனுக்குப் பதிலும் சொல்லக் கூடாது. வாய்விட்டு எண்ணினால் சுற்றி நிற்கிற பூதங்களுக்குக் காது கேட்டுவிடும், பொலி போய்விடும். களத்தில் நெல் பெருகுகிற பெருக்கத்தைத்தான் பொலி என்பார்கள். சித்தப்பா மீசை முளைத்த நாளில் இருந்து அந்தக் கட்டளைக்குள் வாழ்ந்தவர். அறுவடை முடிந்து நெல் வண்டி வண்டியாகப் போனாலும் எத்தனை வண்டி என்று அவர் எண்ணியதில்லை, வீட்டில் பெண்சாதிகூடக் கேட்டதில்லை.

அவருக்கு ஒரே மகள், சின்னத்தங்கம். அந்த ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. நாற்பத்தாறாம் ஆண்டு தை மாதம், ஆறாம் வகுப்புப் படிக்க அவளை வாவியைக் கடந்து களுவாஞ்சிக்குடிப் பக்கம் கொண்டுவந்தார். எங்கள் வீட்டில் நின்று, என்னோடு ஒன்றாகப் போய்ப் படிக்க ஏற்பாடு. படுவான்கரையில் இருந்து ஒரு பெண்பிள்ளை ஆறாம் வகுப்புக்கு வந்தது அதுதான் முதல் என்று அம்மா சொன்னாள். பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். நல்ல பள்ளிக்கூடம், வீணாக வாயில் விழ வேண்டியதில்லை.

தோணியில் வரும்போது சித்தப்பா மகளுக்குப் புத்தி சொல்லியிருக்கிறார், எனக்கு அது பிறகுதான் தெரிய வந்தது. வழக்கமாகப் பேசாத மனிதர் அன்றைக்கென்று பேசினார். "மனே, பெரிய பள்ளிக்கூடமும் களவெட்டி மாதிரித்தான். சரஸ்வதிட களம். அங்க அடக்கமா, வாயக் கட்டி இருக்கணும். எவ்வளவு எண்டு ஆரும் கேட்டா வாய் விடாத. நீ அங்க வாய் விட்டா இஞ்ச நம்மட பொலி போயிரும்." அவர் அறிந்த மரியாதையிலேயே பெரிய மரியாதை அதுதான். அதையே எடுத்து மகளுக்குக் கொடுத்தார். வேறு எதைக் கொடுப்பார்? அவளும் அதை அப்படியே மடியில் முடிந்துகொண்டு வந்துவிட்டாள்.

ஆறாம் வகுப்பு எங்களுக்கே பெரிய அதிசயமாக இருந்தது. ஐந்தாம் வகுப்பு வரை ஒரு வாத்தியார், ஒரு பிரம்பு, எல்லோரும் சேர்ந்து ஒரே ராகத்தில் ஒப்புவிப்போம். தெரியாதவன் வாயை மட்டும் அசைத்தால் போதும். இங்கே தண்டவாளத் துண்டில் டாண் என்று அடித்ததும் ஒருவர் போவார், வேறொருவர் வருவார். பூமிசாத்திரத்துக்கு ஒருவர், சுகாதாரத்துக்கு ஒருவர், கணக்குக்குக் காத்தான்குடி அப்துல் மஜீத் மாஸ்டர். அவர் புடைவைக் கடைக் குடும்பத்துப் பிள்ளை. வெள்ளைச் சாரனும் கறுப்புக் கோட்டும் போட்டு, வகுப்புக்குள் வரும்போதே யாரையாவது எழுப்பிவிடுவார். "தனிய எழும்பு. விடையச் சொல்லு. மறுகா அது எப்படி வந்ததெண்டும் சொல்லு." சரியான விடையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்தால் அந்த ஆளிடம் நடக்காது. ஏன், எப்படி என்று கேட்டுக் கேட்டே உயிரை வாங்குவார்.

சின்னத்தங்கத்தை எழுப்பினார். "எவ்வளவு வருது?" என்று கேட்டார். அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நிலத்தைப் பார்த்து நின்றாள். முதல் நாள் வெட்கம் என்று விட்டுவிட்டார். அடுத்தடுத்த கிழமைகளிலும் அதே கதைதான். மற்ற வாத்திமாரிடமும் அப்படியே. ஆனால் கொப்பியில் எழுதச் சொன்னால் ஒரு கணக்கும் பிழைக்காது! மஜீத் மாஸ்டர் கொப்பியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பக்கத்தில் குந்தியிருந்த என்னைப் பார்த்தார். பார்த்து எழுதுகிறாள் என்று முடிவு கட்டிவிட்டார். என்னைப் பார்த்து எழுதினாளாம்! என் கொப்பியில் பாதிக்கு மேல் சிவப்புக் கோடு. என்னைப் பார்த்து எழுதியிருந்தால் அவள் கதி என்னவாகியிருக்கும்? இதைக்கூட யோசிக்காமல் ஒரு கணக்கு மாஸ்டரா என்று எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

வீட்டில் வைத்து நானும் அதட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். "ஏன்கா வாய் திறக்கிறாய் இல்ல? உனக்குத்தான் எல்லாம் தெரியுமே!" என்னிடமும் அவள் காரணம் சொல்லவில்லை.

பங்குனி பிறந்ததும் பெரிய வாத்தியார் நல்லரத்தினம் என் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். தவணை முடிகிறதற்கிடையில் பிள்ளை வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் ஐந்தாம் வகுப்புக்கு இறக்கிவிடுவார்கள். ஐந்தாம் வகுப்பு அவளுடைய ஊரிலேயே இருக்கிறதே, அதற்கு யார் வாவியைக் கடந்து அனுப்புவார்கள்? அவளைத் திரும்பக் கூட்டிப்போனால் அவளைப் பெற்ற சின்னம்மா வீட்டோடு இருத்திவிடுவாள், படிப்பு அத்தோடு சரி. அம்மா அன்றைக்கே தோணிக்காரனிடம் சித்தப்பாவுக்குச் சொல்லி அனுப்பினாள்.

அது சூடு வைத்திருந்த நேரம். அறுத்த கதிர் முழுவதும் களவெட்டியில் குவிந்து கிடக்கிறது, இன்னும் மிதிக்கவில்லை. அந்த நேரத்தில் முல்லைக்காரன் வட்டையை விட்டு அசையவே மாட்டான். சித்தப்பா வந்தார். கையில் ஒரு முட்டி எருமைத் தயிர். வெள்ளை வேட்டி, தோளில் சால்வை. பள்ளிக்கூட வாசலில் செருப்பைக் கழற்றினார். மற்றவர்களும் அங்கே கழற்றுவதுதான், ஆனால் இவர் சால்வையையும் எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கோயிலுக்குள் போகிற மாதிரி.

பெரிய வாத்தியார் குறைகளைச் சொல்லி முடித்தார். கேட்டுக்கொண்டிருந்த சித்தப்பா மகளுக்காகக் கெஞ்சவும் இல்லை, அவளை ஏசவும் இல்லை. ஒரு செருமல் செருமிவிட்டுக் கேட்டார்: "ஐயா, நான் பள்ளிக்கூடம் மிதிக்காத ஆள். வெள்ளாமைக்கு என்ன வேணும் எண்டு எனக்குத் தெரியும். இந்த ஆறாம் வகுப்புக்கு என்ன வேணும்? புள்ளையிட்ட இது என்னத்த எதிர்பாக்குது?"

நல்லரத்தினம் வாத்தியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கதவடியில் நின்ற நானும் சின்னத்தங்கமும் பார்த்துக்கொண்டுதான் நின்றோம். அப்படி ஒரு கேள்வியை அவரிடம் அதற்கு முன் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் போல.

"சொல்றதவிட நீங்களே பாத்தா நல்லம். இண்டைக்கு முழுக்க வகுப்பில இருந்து பாருங்க" என்றார்.

பெண்பிள்ளைகளின் வாங்குக்குப் பின்னால் ஒரு கதிரை போட்டார்கள். சித்தப்பா கதிரையில் இருக்கவில்லை, பக்கத்தில் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்துகொண்டார். பூமிசாத்திர வாத்தியார் இலங்கைப் படத்தை விரித்துச் சுவரில் மாட்டி, பிரம்பால் எங்கள் வாவியைத் தொட்டுக் காட்டினார். ஒரு விரல் நீளம்கூட இல்லாத நீலக் கீறல். பின்னால் இருந்து "முருகா!" என்று ஒரு குரல் வந்தது. திரும்பிப் பார்த்தேன். சித்தப்பா எழும்பி நிற்கிறார், கண் இரண்டும் கோலிக்காய் அளவுக்கு. எத்தனையோ முறை தோணி தள்ளிக் கை வலித்த வாவி அல்லவா? "இதுக்குள்ளயா ஐயா நாங்க இருக்கிறம்?" என்று கேட்டார். வாத்தியார் சிரித்துக்கொண்டு, "ஓம், இந்தா இதில" என்று படுவான்கரையைக் காட்டினார். சித்தப்பா கிட்டப் போய் அந்த இடத்தை விரலால் தொடப் போனவர், தொடாமல் கையை எடுத்துக்கொண்டார். எங்களுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. நாங்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு பார்த்த படத்தை அவர் பார்த்த விதத்தில், எனக்கும் அது முதல் முறையாகப் பெரிதாகத் தெரிந்தது.

மணி அடித்தது. சுகாதார வாத்தியார் வந்தார். மணி அடித்ததும் பிள்ளைகள் ஒரு பாடத்தை வைத்துவிட்டு இன்னொன்றை எடுக்கிறார்களே என்று அதுவும் அவருக்குப் புதுமை. இடைவேளையில் என்னிடம் மெல்லக் கேட்டார்: "அதெப்படி புள்ள, மணி அடிக்கிற ஒள்ளுப்ப நேரத்துக்குள்ள மனசக் கிறுக்கித் திருப்பி மற்றப் பக்கம் வைக்கிறீங்க? மாட்டக் கிறுக்கவே எனக்கு எவ்வளவு..." என்று தொடங்கியவர் அந்தச் சொல்லோடு நாக்கைக் கடித்துக்கொண்டார். களவெட்டிக்கு வெளியேயும் அந்தச் சொல் அவருக்கு அவ்வளவு பயம்.

பிறகுதான் மஜீத் மாஸ்டரின் கணக்குப் பாடம். அன்றைக்கு எங்களை வெளியே கூட்டிப் போனார். வளவில் ஒரு நெட்டைத் தென்னை நின்றது.

"இந்தத் தென்ன என்ன உயரம் எண்டு கண்டுபிடிக்கணும். ஆரும் ஏறப்படாது" என்றார்.

சித்தப்பா அண்ணாந்து தென்னையைப் பார்த்தார். "ஏறாமலா மாஸ்டர்? வெட்டி விழுத்துறதா?"

"வெட்டவும் தேவையில்ல அண்ணே. நிழலால அளப்பம்."

மூன்றடிக் கம்பு ஒன்றை மணலில் நட்டார். அதன் நிழல் இரண்டடி. நாங்கள் அடிச்சட்டத்தை வைத்து வைத்துத் தென்னையின் நிழலை அளந்தோம், இருபத்தெட்டு அடி வந்தது. கம்புக்கும் அதன் நிழலுக்கும் என்ன விகிதமோ, அதே விகிதம்தான் தென்னைக்கும் அதன் நிழலுக்கும் என்று மாஸ்டர் விளங்கப்படுத்தினார். சித்தப்பா கம்பைப் பார்ப்பதும் தென்னையைப் பார்ப்பதுமாக நின்றார். ஒரு பிள்ளை பிறக்கும்போது பார்க்கிற மாதிரி அப்படி ஒரு பார்வை. கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன். நிலத்தில் நின்றுகொண்டு மரத்தின் தலையைத் தொடுகிற வித்தையைத் தன் மகள் படிக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் எதை இழக்கப் போகிறாள் என்பதும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"சின்னத்தங்கம்" என்றார் மாஸ்டர். "தென்ன எவ்வளவு உயரம்?"

அவள் தகப்பனைத்தான் பார்த்தாள். விடை அவளிடம் இருந்தது. பக்கத்தில் நின்ற எனக்கு அவள் விரல் மடக்கிக் கணக்குப் பார்த்து முடித்தது தெரியும். உதடு மட்டும் இறுகி மூடிக்கொண்டது. மாஸ்டர் சித்தப்பா பக்கம் திரும்பி, "பாத்தீங்களா அண்ணே, இதான் நான் சொன்னது" என்றார்.

சித்தப்பாவின் முகம் வெளுத்துப் போனது. தோணியில் தான் சொன்ன புத்தி அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. மாஸ்டரிடம் திக்கித் திணறி எல்லாவற்றையும் சொன்னார். களவெட்டி, பூதம், பொலி எல்லாம். கடைக்காரக் குடும்பத்து மஜீத் மாஸ்டர் களவெட்டியைக் கண்ணாலும் கண்டதில்லை. ஆனாலும் மனிதர் சிரிக்கவில்லை, தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார்.

"சொல்லு மனே" என்றார் சித்தப்பா. "இஞ்ச சொல்லலாமாம். அப்பாதான் தெரியாமச் சொல்லிட்டன்."

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். பள்ளிக்கூட வளவில் நான் கேட்ட அவளுடைய முதல் வார்த்தைகள் அப்போதுதான் வந்தன, அதுவும் தகப்பனுக்கு மட்டும் கேட்கிற குரலில்: "சூடு இன்னும் மிதிக்கல்லியே அப்பா. பொலி போயிருமே."

அட கடவுளே! இத்தனை நாளும் இந்தக் குஞ்சு வாயை மூடி வாத்திமாரிடம் ஏச்சு வாங்கியது, கள்ளி என்று பெயர் எடுத்தது எல்லாம் தகப்பனுடைய நெல்லுக்குக் காவல் நின்றுதான். மஜீத் மாஸ்டர் கைலேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

சித்தப்பா திரும்பினார். வாவிக்கு அந்தப் பக்கம், தன்னுடைய சூடு குவிந்து கிடக்கிற திசையைப் பார்த்தார். அது விளையாட்டு இல்லை, தெரிந்துகொள்ளுங்கள். பூதம் பொய், பொலி பொய் என்று நாம் சொல்லலாம். அந்த மனிதருக்கு அது உண்மை, ஒரு வருட உழைப்பும் வீட்டுச் சோறும் அதில் கிடந்தன. இடுப்பில் கட்டியிருந்த சால்வையை இறுக்கினார். பிறகு வட்டையில் ஆள் கூப்பிடுகிற குரலில், தென்னையில் இருந்த காகம் எழும்பிப் பறக்க, தன் ஆயுளில் சொல்லாத சொல்லைச் சொன்னார்.

"எவ்வளவு மனே? இந்தத் தென்ன எவ்வளவு உயரம்?"

சித்தப்பா மகளுக்கு முன்னால் வந்து குந்தினார். "அப்பா கேட்டுட்டன். போறது போயிற்று. இனி நீ காக்க ஒண்டுமில்ல. சொல்லு."

"நாற்பத்திரண்டு அடி" என்றாள் சின்னத்தங்கம்.

"எப்படி வந்தது?" என்று மாஸ்டர் கேட்டு முடிக்கவில்லை, அவள் தொடங்கிவிட்டாள். கம்பு, நிழல், விகிதம் எல்லாம் மடை திறந்தது போல வந்தன. சொல்லி முடித்ததும், வெயில் சாய்ந்தால் நிழல் நீளுமே, அப்போது தென்னை வளர்ந்ததாகக் கணக்கு வராதா என்று மாஸ்டரையே திருப்பிக் கேட்டாள். அவர் பதில் சொன்னார். கம்பின் நிழலும் சேர்ந்து நீளும் என்றார். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவர் முகத்தில் வந்த வெளிச்சம் இருக்கிறதே, பிற்காலத்தில் நான் படிப்பிக்கப் போனதே அதைப் பார்த்துத்தான். தவணை முடிவில் அவளை இறக்குகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

சித்தப்பா ஊருக்குப் போனவர் நேரே கந்தப்போடியாரிடம் போய் நடந்ததைச் சொன்னார். ஒளித்திருந்தால் யாருக்குத் தெரியும்? வாவிக்கு இந்தக் கரையில், ஒரு பள்ளிக்கூட வளவில் சொன்ன சொல்தானே. அவர் ஒளிக்கவில்லை. போடியார் யோசித்துவிட்டு, "வாய் விட்டவன் இந்த முற களவெட்டிக்குள்ள கால் வைக்கப்படாது சீனித்தம்பி. வரம்பில நில்லு. வேற ஆள் மிதிப்பிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். தான் வைத்த சூட்டை அந்நியன் மிதிப்பிக்க, முல்லைக்காரன் வெளியே வரம்பில் நின்று பார்த்தார். படுவான்கரையில் ஒரு முல்லைக்காரனுக்கு அதைவிடப் பெரிய மானக்கேடு கிடையாது.

சித்திரை விடுமுறைக்கு நானும் சின்னத்தங்கத்தோடு அங்கே போனேன். அன்று பின்னேரம் அவர் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டு நின்றார். சின்னத்தங்கம் கிட்டப் போனாள். அவளுக்கு இத்தனை நாளும் மனதில் கிடந்து அரித்தது அது ஒன்றுதான்.

"அப்பா, பொலி போயிற்றா? எவ்வளவு வந்தது?"

அடுப்படியில் நின்ற சின்னம்மா பதறி வாயில் கை வைத்தாள். சித்தப்பா வைக்கோலைக் கீழே போட்டார்.

"பதினெட்டு வண்டி" என்றார். சத்தமாகவே சொன்னார். "வெளிய நிண்டன்தானே, நிண்டு எண்ணினன்."

"அப்ப போன வருசம் எத்தின வண்டி?"

சித்தப்பா மகளைப் பார்த்தார். மெல்ல மெல்ல அவர் முகம் முழுக்கச் சிரிப்பு வந்தது. அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அது ஆருக்குத் தெரியும் மனே? ஆரும் கேக்கல்லியே."